இரவு பத்து மணிக்கு எங்கே போவது? கேஷுவாலிட்டியும் பக்கத்துக் கிளினிக்கும்

காரிமங்கலத்திலோ பாலக்கோட்டிலோ ஒரு வீட்டில் இரவு பத்து மணிக்கு ஒருவருக்கு உடம்பு முடியாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே வீட்டுக்குள் மூன்று யோசனைகள் எழும். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டாக்டர் இன்னும் கிளினிக்கை மூடியிருக்க மாட்டார், ஓர் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்பது ஒன்று. நேராகத் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்பது இன்னொன்று. விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்பது மூன்றாவது; இது பெரும்பாலும் நோயாளியே சொல்வது. மருத்துவம் படிக்காத ஒருவர் இந்த மூன்றில் எதைத் தேர்வது, எதை வைத்துத் தேர்வது என்பதை இயன்றவரை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்ப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. அவர்கள் ‘எமர்ஜென்சி ரூம்’, ‘அர்ஜென்ட் கேர்’ என்று இரண்டைப் பிரித்துப் பேசுவதைப் பலர் கேட்டிருப்பீர்கள். அங்கே எமர்ஜென்சி ரூம் என்பது பெரிய மருத்துவமனையோடு சேர்ந்து இரவும் பகலும் இயங்கும் பிரிவு. அர்ஜென்ட் கேர் என்பது முன்பதிவு இல்லாமல் போய்க் காய்ச்சல், சிறு வெட்டுக்காயம், சுளுக்கு போன்றவற்றுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளும் இடைநிலைக் கிளினிக். பெரும்பாலானவை இரவில் மூடிவிடும், படுக்கையில் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள். நம் ஊரில் அந்தப் பெயர்ப்பலகையோடு ஓர் இடத்தைப் பார்ப்பது அரிது என்றாலும் அந்த வேலை நடக்காமல் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையம், மாலையில் திறக்கும் டாக்டர் வீட்டுக் கிளினிக், எக்ஸ்ரே வசதியுள்ள நர்சிங் ஹோம் என்று அது பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஆகவே, எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதை நோய் வருவதற்கு முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டிய பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

பொதுவாக நாம் வலியை வைத்தே அவசரத்தை அளக்கிறோம். துடிதுடித்தால் பெரியாஸ்பத்திரி, முனகினால் கிளினிக், பேசாமல் படுத்திருந்தால் வீடு. இந்தக் கணக்கு பல வேளைகளில் தலைகீழானது. சிறுநீரகக் கல் வலியில் தரையில் புரள்பவருக்கு அந்த ஒரு மணி நேரத்தில் உயிராபத்து இல்லாமல் இருக்கலாம்; லேசாக நெஞ்சை அடைக்கிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவருக்கு இருக்கலாம். அதனால் கேட்க வேண்டியவை வேறு இரண்டு கேள்விகள். இன்னும் இரண்டு மணி நேரம் காத்திருந்தால் பிறகு சரிசெய்ய முடியாத எதுவும் உடம்பில் நடந்துவிடுமா என்பது முதலாவது. நடக்கும் என்றால், அதைத் தடுப்பதற்கான மருந்தும் கருவியும் நாம் போகும் இடத்தில் இருக்கின்றனவா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு ‘ஆம்’ அல்லது ‘தெரியவில்லை’ என்று பதில் வந்தால் கேஷுவாலிட்டி, அதாவது பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. ‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் கிளினிக் போதும்.

அரசு மருத்துவமனைகளின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பிரிவுகளும் இதே கணக்கில்தான் இயங்குகின்றன. உள்ளே வருபவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றாகப் பிரித்து, உடனே உயிருக்கு ஆபத்துள்ளவரைச் சிவப்புப் பகுதிக்கும், கண்காணிப்பு தேவைப்படுபவரை மஞ்சளுக்கும், காத்திருக்கக் கூடியவரைப் பச்சைக்கும் அனுப்புகிறார்கள். இந்த முறை தெரியாததால்தான் வாசலில் சண்டை வருகிறது. ஓர் இரவு நான் உறவினர் ஒருவருக்குத் துணையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, கரும்பு வெட்டும்போது விரலைக் கிழித்துக்கொண்ட இளைஞர் ஒருவர் துண்டைச் சுற்றியபடி முக்கால் மணி நேரமாக நின்றிருந்தார். துண்டு முழுவதும் சிவந்திருந்தது. அப்போது மகனின் தோளைப் பிடித்தபடி ஒரு முதியவர் நடந்தே வந்தார். அழவில்லை, கத்தவில்லை, நெற்றி மட்டும் நனைந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. செவிலியர் அவருடைய மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்த அடுத்த நொடியே ஸ்ட்ரெச்சரை இழுத்து உள்ளே கொண்டுபோனார். “நான்தானே முதலில் வந்தேன்” என்று அந்த இளைஞர் கேட்டதில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். கத்திக் கேட்கும் அளவுக்கு மூச்சும் நினைவும் அவருக்கு இருந்தன என்பதே அவர் காத்திருக்க முடிந்ததற்குக் காரணம்.

கேஷுவாலிட்டிக்கே போக வேண்டியவற்றில் நம் மக்கள் அதிகம் ஏமாறுவது நெஞ்சுவலியில். நெஞ்சின் நடுவில் பாறாங்கல்லை வைத்தது போன்ற அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, காரணமில்லாத வியர்வை, வாந்தி உணர்வு, மூச்சிரைப்பு ஆகியவை மாரடைப்பின் அடையாளங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும், பெண்களுக்கும், வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவோ மேல்வயிற்று எரிச்சலாகவோ வரக்கூடும். நம் வீடுகளில் இதற்கு ஒரே பெயர் ‘வாயு’. என் பெரியப்பா ஒரு மாம்பழ சீசனில் லோடு ஏற்றும் இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது கை கனக்கிறது, வியர்க்கிறது என்றார். முதலில் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு பக்கத்துக் கிளினிக்கில் வாயுவுக்கு ஓர் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஈ.சி.ஜி. கருவி இல்லை. நள்ளிரவைத் தாண்டி இரண்டாவது முறை வலி வந்த பிறகே பெரிய மருத்துவமனைக்குப் போனோம். பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது, இன்று அவரால் மாடிப்படி ஏற முடியாது. அந்த ஊசியைவிட, “இதைப் பார்ப்பதற்கான கருவி என்னிடம் இல்லை, உடனே போங்கள்” என்று யாரும் சொல்லாமல் விட்டதைத்தான் நான் பெரிய பிழையாக நினைக்கிறேன். இதய இரத்தக்குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து வலி தொடங்கிய 12 மணி நேரத்துக்குள் பயன்படும் என்றாலும், முதல் சில மணி நேரத்தில் கொடுத்தால் கிடைக்கும் பலன் பிறகு கிடைப்பதில்லை. நேரம் போகப் போகத் தசை சாகிறது.

பக்கவாதத்திலும் இதே கடிகாரம் ஓடுகிறது, இன்னும் வேகமாக. முகம் ஒரு பக்கம் கோணுவது, தூக்கிய கைகளில் ஒன்று தானாகக் கீழிறங்குவது, பேச்சு குழறுவது ஆகிய மூன்றில் ஒன்று திடீரென வந்தாலும் புறப்பட்டுவிட வேண்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான கால வரம்பு பொதுவாக 4½ மணி நேரம். அதற்குள் மூளையை ஸ்கேன் செய்து, இரத்தக் கசிவு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ஆகவே சி.டி. ஸ்கேன் இல்லாத இடத்தில் முதலில் ‘காட்டிவிட்டு’ப் போகலாம் என்பது அந்த நேரத்தைத் தின்பதாகும். எப்போது தொடங்கியது என்ற மணியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பாம்புக்கடியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டங்களில் வயலிலும் வரப்பிலும் இது அன்றாட ஆபத்து. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கின் நஞ்சுக்கும் ஒரே நஞ்சுமுறி மருந்துதான் கொடுக்கப்படுகிறது. எனவே கடித்த பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. கண்ணாடிவிரியனோ சுருட்டைவிரியனோ கடித்தால் வீக்கமும் வலியும் கடித்த இடத்திலேயே தெரியும். கட்டுவிரியன் அப்படியல்ல. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம், வலியும் இருக்காது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுவார், பிறகு இமை தானாக மூடும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். தரையில் படுத்து எழுந்தவருக்குக் காரணம் தெரியாத வயிற்றுவலியோடு இமையும் சரிந்தால் அதைச் செரிமானக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுவதும், கீறி இரத்தத்தை உறிஞ்சுவதும், பச்சிலை கொடுக்கும் இடத்துக்கு அழைத்துப்போவதும் தீங்கு செய்பவை. கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் ஒரு மட்டையில் வைத்துக் கட்டி, நடக்க விடாமல் கொண்டுபோக வேண்டும். மருத்துவமனையில் ஒரு கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் கண்ணாடிவிரியன் அல்லது சுருட்டைவிரியன் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். அந்த 20 நிமிடத்தில் “ஒன்றும் செய்யாமல் உட்கார வைத்திருக்கிறார்கள்” என்று உறவினர்கள் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் சோதனை அப்போதுதான் நடந்துகொண்டிருக்கும். இரத்தம் உறைந்துவிட்டது என்பதற்காக உடனே வீட்டுக்கும் அனுப்ப மாட்டார்கள். கட்டுவிரியன் நஞ்சு இந்தச் சோதனையில் தெரியாது என்பதால் ஒரு நாள் கண்காணிப்பில் வைத்திருப்பதே முறை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூச்சிமருந்து குடித்தவரையோ, தெளிக்கும்போது மயங்கியவரையோ வாந்தி எடுக்கச் செய்யாமல், அந்த மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு கேஷுவாலிட்டிக்குப் போக வேண்டும். நிற்காத வலிப்பு, நினைவு தப்புதல், அழுத்திப் பிடித்தும் அடங்காத இரத்தப்போக்கு, முகத்திலோ பெரும்பரப்பிலோ தீக்காயம், கர்ப்பிணிக்கு இரத்தக்கசிவோ வலிப்போ கண் மங்கலோடு கூடிய கடும் தலைவலியோ, தேள் கொட்டிய குழந்தைக்கு உடல் வியர்த்துக் கைகால் சில்லிட்டுப்போதல் ஆகிய எதற்கும் கிளினிக் வாசலில் நிற்கக் கூடாது. குழந்தைக்கு மூச்சு வாங்குகிறதா என்று ஐயம் வந்தால் சட்டையைக் கழற்றிவிட்டு, அது அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் வயிறு எழுந்து தாழ்வதை எண்ணுங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணிக்கையைத் தொட்டால் அது வேகமான மூச்சு. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ எண்ணிக்கொண்டிருக்கவும் நேரமில்லை.

இனி, கிளினிக்கோ ஆரம்ப சுகாதார நிலையமோ போதுமானவை. நன்றாகத் தண்ணீர் குடிக்கும், பேசும், சிறுநீர் கழிக்கும் ஒருவருக்கு வந்த இரண்டு நாள் காய்ச்சல், காதுவலி, தொண்டைவலி, நீர்க்கடுப்பு, சொறி, சிறு வெட்டு, கால் பிசகு ஆகியவற்றுக்குப் பெரியாஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் நிற்பது நோயாளிக்கும் நல்லதல்ல, அங்கே சிவப்புப் பகுதியில் இருப்பவருக்கும் நல்லதல்ல. பிசகிய கால் கோணலாக இருந்தாலோ, விரல்கள் சில்லிட்டு வெளுத்திருந்தாலோ, எலும்பு வெளியே தெரிந்தாலோ மட்டும் கணக்கு மாறும். இல்லாவிட்டால் எக்ஸ்ரே உள்ள ஓர் இடத்துக்கு மறுநாள் காலை போனாலும் பெரிதாகக் கெட்டுவிடாது. நாய்க்கடிக்கு முதல் வைத்தியம் வீட்டுக் குழாயடியில்: சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். தடுப்பூசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்ளலாம். ஆனால் இரத்தம் வரும்படி ஆழமாகக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் வேறொரு மருந்தும் தேவைப்படும் என்பதால் அரசு மருத்துவமனைக்குப் போவது நல்லது.

காய்ச்சலில் ஒரு கண்ணி இருக்கிறது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளில்தான் ஆபத்து தொடங்குகிறது. சூடு குறைந்துவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடையும்போது நோயாளிக்குக் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்ந்து விழுதல் ஆகியவற்றில் ஒன்று வந்தால் அது கிளினிக் காய்ச்சல் அல்ல. அதற்கு முன்பாக, காய்ச்சல் என்று போனாலே இடுப்பில் ஒரு வலி ஊசியும் கையில் ஒரு பாட்டில் குளுக்கோஸும் கேட்டு வாங்கும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். டெங்குவாக இருக்கும் பட்சத்தில் சில வலி ஊசிகள் இரத்தக்கசிவைக் கூட்டும். வாயால் குடிக்க முடிபவருக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் செய்யாத எதையும் அந்தப் பாட்டில் செய்துவிடாது. தருமபுரிப் பக்கம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்ததால் மூட்டும் முதுகும் இறுகிப்போன முதியவர்கள் இங்கே பலர். அவர்களுடைய வலி உண்மையானது, ஆனால் அதற்கான இடம் பகல்நேர வெளிநோயாளர் பிரிவு. இரவு கேஷுவாலிட்டியில் கிடைப்பது ஒரு வலி மாத்திரைதான். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்குவதற்காக நெடுந்தூரம் அலைபவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுவருகிறது.

தூரமும் ஒரு நோய்தான் என்று மலைவாசிகள் சொன்னால் மறுக்க முடியாது. பெட்டமுகிலாளத்திலோ சித்தேரியிலோ வத்தல்மலையிலோ இருப்பவருக்கு, கேஷுவாலிட்டியா கிளினிக்கா என்ற கேள்வியோடு எது முதலில் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. இவ்விடங்களில் நெஞ்சுவலிக்கும் பாம்புக்கடிக்கும் வழியிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்பதே என் எண்ணம். 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி மாரடைப்பு என்று ஐயப்பட்டால் முதல் தவணை மாத்திரைகளை அங்கேயே கொடுத்துவிட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். பாம்புக்கடிக்கான நஞ்சுமுறி மருந்தும் அங்கே வைக்கப்படுகிறது. முதல் மருந்தை அங்கே பெற்றுக்கொண்டு, அங்கிருந்தே ஆம்புலன்ஸில் ஏறுவது, மலையடிவாரம் வரை ஒன்றும் இல்லாமல் வருவதைவிடப் பாதுகாப்பானது. இதற்கு நேர்மாறான பிழை ஓசூரில் நடக்கிறது. எதுவானாலும் பெங்களூருதான் என்று காரில் ஏற்றி, அத்திப்பள்ளியைத் தாண்டியதும் போக்குவரத்து நெரிசலில் நிற்பவர்கள் உண்டு. ஓசூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. கிருஷ்ணகிரிக்குப் போலுப்பள்ளியில் 2022இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், தருமபுரிக்கு 2008 முதல் இயங்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. முதலில் இங்கே உயிரை நிலைப்படுத்திக்கொண்டு, தேவையென்றால் அவர்கள் அனுப்பும் வண்டியில் பெங்களூருக்கோ சேலத்துக்கோ போகலாம்.

பணமில்லை என்பதாலோ போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்பதாலோ தயங்குபவர்களுக்காக இரண்டு செய்திகள். விபத்தில் அடிபட்டவருக்கு முதலுதவி அளிப்பது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு மருத்துவரின் கடமை, காவல்துறை நடைமுறைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொப்பூர் கணவாயில் லாரி மோதி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு வருபவர் தம் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், தமிழ்நாட்டுச் சாலையில் விபத்து நடந்திருந்தால், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் குறிப்பிட்ட தொகை வரை அரசே செலவை ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இதில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும்.

போவது என்று முடிவான பிறகு எப்படிப் போவது என்பதிலும் கவனம் வேண்டும். நெஞ்சுவலிக்காரரை இரு சக்கர வண்டியில் நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போவது நம் பக்கத்து வழக்கம். வழியில் நினைவு தப்பினால் மூவரும் விழுவார்கள். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரைக் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிப்பது தண்டுவடத்தையே அறுத்துவிடக்கூடும். 108 ஆம்புலன்ஸில் ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரும் இருப்பார்கள். எந்த மருத்துவமனையில் அந்தச் சிகிச்சை இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். கேஷுவாலிட்டியா கிளினிக்கா என்று முடிவெடுக்க முடியாத, ஆனால் உயிராபத்து உடனே தெரியாத நிலையில் 104ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம். 108ஐ அழைக்கும்போது பதற்றத்தில் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு; மாவட்டம், வட்டம், பக்கத்துப் பெரிய ஊர், பிரியும் சாலையில் உள்ள கோயிலோ ரேஷன் கடையோ தண்ணீர்த் தொட்டியோ ஏதேனும் ஓர் அடையாளம் ஆகியவற்றைச் சொல்லி, வீட்டில் ஒருவரை டார்ச் விளக்கோடு அந்தத் திருப்பத்தில் நிற்கச் சொல்லுங்கள். அதற்குள் நோயாளி தினமும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். “வெள்ளையாக, சின்னதாக இருக்கும்” என்ற விவரணையை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் அது என்ன மாத்திரை என்று கண்டுபிடிக்க முடியாது.